சுவருக்குள் இருந்த மாப்பிள்ளைகள்

ஜூன் 14

என் ஃபென்னாக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இன்னமும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம், உன் அறைச் சுவரில் மட்டும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நீயும் உலகத்தின் அடிப்பக்கத்தில் உன் கிரேன் மேலே கை கால் பத்திரமாக உட்கார்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். ஓட்டை என்றதுமே உனக்குப் புரிந்திருக்கும். ஆமாம், சுவருக்குள் குடியிருந்த தேனீக்களைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். நியூசிலாந்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு கூட்டம் உன் ஜன்னல் பக்கத்துப் பொந்தில் நுழைந்ததைக் காட்டி, நான் ஒரு வருஷத்தில் திரும்பி வந்து பார்த்துக்கொள்கிறேன், அதுவரை அவரிடம் மூச்சு விடாதே என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். நீ கேட்டது ஒரு வருஷம், நான் காப்பாற்றியது ஏழு வருஷம். ஆகவே சத்தியத்தை மீறிவிட்டாய் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள உனக்கு எந்த நியாயமும் கிடையாது. ஏன் சொன்னேன் என்பதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

எல்லாம் பிப்ரவரியில் வந்த ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. நம் தீவின் மானம் எதில் இருக்கிறது என்று உனக்குத் தெரியும். தேனீ வளர்ப்போர் சங்கம் பார்த்துத் தேர்ந்தெடுத்த எட்டுப் பெட்டிகளின் ஆண் தேனீக்களைத் தவிர வேறு ஒரு ஆண் தேனீ இங்கே பறக்கக் கூடாது. கரையிலிருந்து கன்னி ராணிகள் சின்னச் சின்னப் பெட்டிகளில் கப்பலேறி வருவார்கள், கிழக்கு முனை நிலையத்தில் உன் அப்பா அவர்களை வானத்தில் பறக்கவிட்டுக் கல்யாணம் முடித்துத் திருப்பி அனுப்புவார். முப்பத்தொரு வருஷமாக இதுதான் அவருக்கு வேலை, வழிபாடு, அரசியல் எல்லாம். முன்பெல்லாம் அந்தக் கல்யாணம் எப்படி அமைந்தது என்று தெரிய இரண்டு வருஷம் காத்திருப்பார்கள், தேனை நிறுப்பார்கள், ஐம்பது அறைகளில் ஊசியால் குத்திச் செத்த புழுவைத் தேனீக்கள் எத்தனை மணி நேரத்தில் வெளியே தள்ளுகின்றன என்று எண்ணுவார்கள், நீ கூட நாக்கைக் கடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறாய். இப்போது அது பழைய கதை. ராணி பிறந்து வெளியே வரும்போது அறைக்குள் ஒரு தோலை உரித்துப் போட்டுவிட்டு வருகிறாளே, அந்தத் தோலை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் போதும், மரபணுவைப் படித்து, இவள் பிள்ளைகள் தேன் நிறையச் சேர்க்குமா, கூட்டையே அழிக்கிற வரோவா உண்ணியைக் கண்டுபிடித்துத் துரத்துமா, கொட்டுமா, சாந்தமா என்று மார்க் போட்டு விடுகிறார்கள். நூறு என்றால் சராசரி. உன் அப்பா இதைக் கேட்டதும், பிறந்த குழந்தையோட துணியைப் பார்த்து இது நாப்பது வயசுல மாமியாரோட சண்டை போடும்னு சொல்ற மாதிரி இருக்கு என்றார். ஆனாலும் சங்கம் சொன்னதால் போன கோடையில் இங்கே கல்யாணமான நாற்பது ராணிகளின் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு கைப்பிடி சீசாவில் போட்டு அனுப்பினார். எட்டு வீட்டு மாப்பிள்ளைகளில் யார் யார் அப்பன் என்று தெரிந்துவிடும், நம் நிலையத்தின் சுத்தம் ஊருக்கே விளங்கும் என்று பெருமை வேறு.

வந்த பதிலில், பத்தில் ஒரு பிள்ளைக்கு அப்பன் பெயர் தெரியவில்லை என்று இருந்தது. எட்டு வீட்டில் எந்த வீட்டோடும் ஒட்டவில்லையாம். ஆய்வுக்கூடத்தில் ரீக்கே என்று ஒரு பெண் இருக்கிறாள், முப்பது வயதுகூட இருக்காது, குரல் மட்டும் பல் டாக்டர் மாதிரி அமைதியாக இருக்கும், அவள் போனில், வெளி ஆளுங்க யாரோ வந்து போயிருக்காங்க, தீவுல வேற கூடு எங்கயாச்சும் இருக்கான்னு பாருங்களேன் என்று சொன்னாள். உன் அப்பா போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் தேநீரைக் கலக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சங்கத்திலிருந்து இன்னொரு கடிதம், மே மாதம் முடிவதற்குள் அந்த வெளியாள் எங்கிருந்து வருகிறான் என்று கண்டுபிடிக்காவிட்டால் நிலையத்தை மூடிவிட்டு, அடுத்த தீவுக்கு மாற்றிவிடுவார்களாம். அடுத்த தீவுக்கு. உன் அப்பா அந்தத் தீவிலிருந்து வந்த உருளைக்கிழங்கைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார்.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, நீ கையில் அடித்தது ஞாபகம் வந்தது, விழுங்கிவிட்டேன். அவரும் மார்ச்சிலிருந்து தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஏணி வைத்தார். தேவாலய மணிக்கூண்டு, கலங்கரை விளக்கம், பள்ளிக்கூடப் புகைபோக்கி, கேஷே அத்தையின் கோழிக்கூண்டு என்று ஒரு பொந்து விடவில்லை. கேஷே அத்தை குளித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே இவர் தலை தெரிந்திருக்கிறது, அவள் போட்ட கூச்சல் கப்பல் துறைவரை கேட்டதாம், தேனீயைத் தேடறேன்னு சொல்றியே, எங்கூட பிறந்தவனா நீ என்று இன்றைக்கு வரை திட்டுகிறாள். இத்தனையும் தேடினவர் தன் வீட்டுக் கூரையை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நம் தோட்டத்தில் அந்தச் சுவர்த் தேனீக்கள்தான் ஏழு வருஷமாக மேய்ந்துகொண்டிருக்கின்றன, அவர் விருந்தாளிகளுக்குக் காட்டி என்ன சொல்வார் தெரியுமா, பாருங்க, கிழக்கு முனையிலேர்ந்து அஞ்சு கிலோமீட்டர் தாண்டி என்னைப் பார்க்க வருதுங்க என்பார். நான் கேக்கை வெட்டிக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வேன். ஊர்க்காரர்களும் கண்டுகொள்ளவில்லை, தேனீக்காரன் வீட்டில் தேனீ பறக்காமல் காக்காயா பறக்கும் என்று விட்டுவிட்டார்கள். வெளியே ஒரு கூட்டத்தைப் பார்த்தால் உடனே அப்பாவுக்குப் போன் செய்து பரிசாக ஒரு பாட்டில் வாங்கிக்கொள்கிற வழக்கம் இருக்கிறதே, நம் வீட்டு வாசலில் நின்று நமக்கே போன் செய்யவா முடியும்.

இப்போது ரேம்ட் மாமா கதைக்கு வருகிறேன், அதுதான் என்னை உடைத்தது. குதிரை வண்டிக்காரர் ரேம்ட்டும் உன் அப்பாவும் நாற்பது வருஷமாக வியாழக்கிழமை சீட்டாட்டத்துக்குக் கூட்டாளிகள், நீ பிறந்தபோது உன்னையும் என்னையும் கப்பல் துறையிலிருந்து ஏற்றிவந்ததே அவர் வண்டிதான். அவர் எப்போதோ குடித்துவிட்டு, லாயத்துக்குப் பின்னாடி நானும் ஒரு கூடு வச்சுக்கப் போறேன், உன் மாப்பிள்ளைங்களுக்குப் போட்டியா என்று கேலி பேசியிருக்கிறார். உன் அப்பாவுக்குத் தேடித் தேடி மூளை சூடாகி அது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஈஸ்டர் நெருப்பு மூட்டுகிற அன்று, தீவு முழுக்கக் கூடியிருக்கிறது, கையில் பியர், பாஸ்டர் அம்மா பக்கத்தில் நிற்கிறாள், இவர் நேரே போய், ரேம்ட், மரியாதையா சொல்லிடு, எங்க ஒளிச்சு வச்சிருக்க என்றார். ரேம்ட் முதலில் சிரித்தார். இவர் விடாமல், முப்பத்தொரு வருஷ வேலையை நாசம் பண்ணிட்டியேடா என்றதும் அவர் முகம் சுண்டிவிட்டது. பியரை மணலில் கொட்டிவிட்டு நடந்துவிட்டார். நான் பத்தடி தள்ளி நின்றேன், ஃபென்னா. எனக்குத் தெரியும், சொன்னால் முடிந்தது, வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு என்னை நானே கேவலமாக நினைத்தேன். ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று ஊர் நடுவில் சொல்கிறபோது உண்மையான திருடி சாஸேஜ் தின்றுகொண்டு நிற்கிறாள்.

வியாழக்கிழமைச் சீட்டு நின்றது. மே எட்டாம் தேதி முதல் கப்பல் வந்தது, அறுபத்திரண்டு பெட்டி, அறுபத்திரண்டு கல்யாணப் பெண்கள். தீவில் கார் கிடையாது, பெட்டிகளைக் கிழக்கு முனைக்கு ஏற்றிப் போக ரேம்ட்டின் வண்டிதான் வேண்டும், ரேம்ட் குதிரைக்குக் கால் வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். குதிரை அன்று காலை முழுக்கச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நன்றாகத்தான் ஓடியது. உன் அப்பா நம் கை வண்டியில் எட்டு எட்டாக வைத்து, மழையில், வலிக்கிற அந்த முட்டியோடு தள்ளிக்கொண்டு போனார். இரண்டாவது நடை முடிந்து வந்து சமையலறையில் உட்கார்ந்து, ஆல்மூத், நான் விட்டுடறேன், அவனுங்க அடுத்த தீவுக்கே கொண்டுபோகட்டும் என்றார். அவர் அழவில்லை, மூக்கை மட்டும் என் பாத்திரம் துடைக்கிற துணியில் துடைத்தார். அப்போது சொல்லிவிட்டேன். ஹாபோ, கூடு மாடியில இருக்கு, ஃபென்னா ரூம் சுவருக்குள்ள இருக்கு, ஏழு வருஷமா இருக்கு, எனக்குத் தெரியும் என்று ஒரே மூச்சில் சொன்னேன். கத்துவார், ஏதாவது உடைப்பார் என்று கோப்பைகளைக்கூடக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். அவர் காலணியைக் கழற்றினார், மாடிப்படி ஏறினார்.

உன் அறைக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். நீ போனதிலிருந்து அந்தக் கதவை அவர் திறந்ததே இல்லை என்று உனக்கு நான் எழுதியதில்லை, இப்போது எழுதுகிறேன். நிலையத்தை நீ எடுத்து நடத்து என்று அவர் கேட்டதற்கு, காலம் பூரா பூச்சிங்களுக்கு மாமா வேலை பார்க்க என்னால முடியாது என்று சொன்னாயே, அந்த வார்த்தை அவருக்குள் எங்கோ போய்க் குத்திக்கொண்டது. உன்னைப் பற்றிக் கேட்பார், வானிலை கேட்பார், கிரேன் எத்தனை மீட்டர் என்று கேட்பார், அந்த அறைக்குள் மட்டும் போகமாட்டார். எனக்கு நேர்மாறு. நீ போன பிறகு அந்த அறையில் இருந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை, அதனால் இஸ்திரி மேஜையை அங்கே கொண்டுபோய்ப் போட்டேன், சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டை தேய்ப்பேன், குளிர்காலத்தில்கூட அந்த இடம் வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே அவை முனகிக்கொண்டே இருக்கும். உன்னிடம் நான் பேசுவதையெல்லாம் அவற்றிடம்தான் பேசினேன். உன்னைவிட நன்றாகக் கேட்டுக்கொண்டன, நடுவில் குறுக்கிட்டு உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காததற்குச் சத்தியம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அவை போய்விட்டால் அந்த அறை மறுபடி ஊமையாகிவிடும் என்ற பயம்.

அப்பா உள்ளே போய்ச் சுவரில் காதை வைத்தார். தேன் கசிந்து வால்பேப்பரில் பழுப்பாகக் கறை படிந்திருந்ததா, அதை மறைக்க நான் சங்கம் அவருக்குக் கொடுத்த இருபத்தைந்து வருஷத் தூய்மைப் பாராட்டுப் பத்திரத்தைச் சட்டத்தோடு அங்கே மாட்டியிருந்தேன், அளவு கச்சிதமாக இருந்தது. கூடத்தில் இருந்த பத்திரம் எங்கே என்று அவர் ஒரு முறை கேட்டபோது, ஃபென்னா ரூம்ல வெளிச்சமா இருக்கும்னு வச்சேன் என்றேன், நெகிழ்ந்து போனார் மனிதர். இப்போது அதை இழுத்தார், வரவில்லை, தேனும் மெழுகும் பிடித்துக்கொண்டிருந்தது. ஃபென்னாவும் கூட்டா என்று கேட்டார். அவதான் முதல்ல பார்த்தா என்றேன். எங்கிட்ட ஏன் சொல்லல என்றார். சொல்லியிருந்தா அன்னிக்கே கந்தகம் போட்டுக் கொன்னிருப்ப என்றேன். ஆமா, போட்டிருப்பேன்தான் என்றார். பிறகு உன் கட்டிலில் உட்கார்ந்து, ஊர்ல ஒரு வீடு விடாம ஏணி வச்சேன் ஆல்மூத், இந்த ஒரு ரூமுக்குத்தான் வரல என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டில் ஸ்பிரிங் ஒன்று போய்விட்டது, நீ வந்தால் புதிதாக வாங்க வேண்டும்.

அன்று சாயங்காலமே ரேம்ட்டைக் கையைப் பிடித்து இழுத்துவந்து சுவரைக் காட்டினார். ரேம்ட் பத்திரத்தைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், தூய்மை என்ற எழுத்தைப் படித்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், ஒரு தேனீ ஜன்னல் வழியாக வந்து அவர் மூக்கில் கொட்டியது, அப்போதும் சிரித்தார். தேநீர் கொடுத்தேன். மூன்று கோப்பை ஆனதும் போதும் என்று கரண்டியைக் கோப்பைக்குள் வைப்பார்கள் இல்லையா, அவர் வைக்கவே இல்லை. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன், நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது கோப்பையில் உன் அப்பாவுக்குப் புரிந்தது, தப்புதான்டா, எல்லார் முன்னாடியும் சொன்னேன், எல்லார் முன்னாடியும் கேக்கறேன் என்றார். அப்புறம்தான் கரண்டி கோப்பைக்குள் விழுந்தது. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். பாஸ்டர் அம்மா, இன்னிக்குப் பிரசங்கமே தேவையில்ல போலிருக்கே என்றாள்.

ரீக்கே மே பன்னிரண்டாம் தேதி வந்தாள். சுவரை அறுத்துத் திறந்தால் உள்ளே என் உயரத்துக்குத் தேனடை தொங்குகிறது. அவளை எட்டு இடத்தில் கொட்டியது, அப்பாவைப் பதினொன்று, என்னை மட்டும் ஒன்றுகூட இல்லை, நான் அதைப் பற்றிக் கர்வப்படவில்லை என்று எழுதினால் பொய். ராணியைக் கூட்டத்தோடு ஒரு பெட்டியில் பிடித்து, சோதனைக்குக் கொஞ்சம் தேனீக்களைச் சீசாவில் போட்டு எடுத்துப் போனாள். உன் அப்பா நாலு வாரம் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி தபால் பெட்டியையே சுற்றினார். போன செவ்வாய்க்கிழமை அவளே முடிவோடு வந்தாள். காணாமல் போன அப்பன் இந்தச் சுவர் வீட்டுக்காரன்தான், சந்தேகமே இல்லை. அதனால் நிலையம் நமக்கே. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது, அதில் என் பெயரையும் போட்டிருக்கிறார்கள், அதை நான் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். மார்க் கேள். தேன் தொண்ணூற்றாறு, சுமார். சாந்தம் எண்பத்தொன்று, கேஷே அத்தைக்கே எண்பத்தைந்து வரும். ஏழு வருஷமாகக் கரையிலிருந்து, உங்க தீவுக்கு அனுப்பின பொண்ணோட பிள்ளைங்க கொட்டுதுங்க என்று புகார் வந்ததும், உங்க கை வேர்த்திருக்கும், அதான் கொட்டுது என்று இவர் பதில் எழுதியதும் என் கடிதங்களில் படித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் உண்ணியைத் துரத்துவதில் நூற்றிருபத்தெட்டு. உன் அப்பாவின் எட்டு வீட்டு மாப்பிள்ளைகளில் முதல் மாப்பிள்ளைக்கே நூற்றுப் பன்னிரண்டுதான். ஒரு மருந்தும் இல்லாமல், ஒரு ஆளும் தொடாமல், என் இஸ்திரிச் சூட்டில் அவை தாமாகவே கற்றுக்கொண்டிருக்கின்றன.

உன் அப்பாவுக்கு அது விழுங்க முடியவில்லை. அப்போ நான் முப்பத்தொரு வருஷமா பண்ணினது என்ன, ஒரு சுவருக்கு ஈடாகலையே என்று கேட்டார், கேலியாகத்தான் கேட்டார், குரல் கேலியாக இல்லை. ரீக்கே தேநீரைக் கையில் பிடித்துக்கொண்டு, நீங்க ஒவ்வொரு கூடா ஊசி குத்தி எண்ணி எழுதி வச்ச நோட்டு இல்லேன்னா இந்த மரபணுவைப் பார்த்து எங்களால ஒரு மார்க்கும் போட முடியாது, எந்த எழுத்து எந்தக் குணம்னு நாங்க உங்க நோட்டை வச்சுத்தான் படிக்கக் கத்துக்கிட்டோம் என்றாள். அந்தப் பெண்ணுக்கு நான் இரண்டாவது துண்டு கேக் வைத்தேன். இனி அந்த ராணியைக் கரையில் வைத்து, அவள் மகள்களைச் சாந்தமான வம்சத்தோடு சேர்த்து, பிறக்கிற பேத்திகள் உரித்த தோலைப் பார்த்து, கோபம் கழித்து உண்ணியைத் துரத்துகிற குணம் மட்டும் வந்தவளைப் பொறுக்குவார்களாம். பத்து வருஷ வேலை நாலு வருஷத்தில் முடியும் என்கிறாள். நம் வீட்டில் கோபம் மட்டும்தான் தலைமுறை தவறாமல் இறங்கியிருக்கிறது, அதற்கு ஏதாவது தோல் இருந்தால் சொல்லு என்று கேட்டேன்.

ராணியைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற ஒரு தாள் நிரப்ப வேண்டும். ஊர், வருஷம், தாய், அதற்குக் கீழே வளர்த்தவர் பெயர். உன் அப்பாதான் எப்போதும் தன் பெயரைப் போடுவார். ரீக்கே என் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். இவர் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி, ஃபென்னா என்று எழுதினார். முதல்ல பார்த்து விட்டுவச்சவ அவதானே என்றார். பிறகு போய்க் கோழிக்குத் தீனி வைத்தார், நமக்குக் கோழியே இல்லை, கேஷே அத்தையின் கோழிக்கு வைத்திருக்கிறார். ஆக இந்தத் தேனீக்கள் மருந்தில்லாமல் பிழைத்து நாலு நாட்டுக்குப் பரவினால், பூச்சிகளுக்கு மாமா வேலை பார்த்தவள் என்று உன் பெயர்தான் முதலில் வரும், நினைத்துப் பார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதியிருந்த அந்தப் பையனுக்கு மரபணுச் சோதனையெல்லாம் வேண்டாம், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறானா என்று மட்டும் பார், மற்றதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அங்கே இப்போது குளிர், கிரேன் மேலே கம்பளி உள்ளாடை போட்டுக்கொண்டு ஏறு, அழகு பார்க்கிற இடமில்லை அது. பல் வலிக்கு டாக்டரிடம் போனாயா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன். தேனீக்கள் போனதிலிருந்து உன் அறை சத்தமில்லாமல் இருக்கிறது, இஸ்திரி மேஜையைக் கீழே கொண்டுவந்துவிட்டேன். இன்று காலை மேலே ஏதோ சத்தம் கேட்டுப் போனேன், உன் அப்பா உன் கட்டிலில் படுத்து நாளிதழை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விடுகிறார். பத்திரம் ஓட்டைக்கு மேலே ஒரு ஓரம் ஒட்டியபடி அப்படியே தொங்குகிறது, எடுக்கக் கூடாது என்றுவிட்டார்.

நீ எந்தக் குறையும் இல்லாமல், ஒருவர் கொட்டினாலும் வீங்காமல், எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று கடவுளையும் கப்பல் கம்பெனியையும் வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தை மூடுவதற்கு முன் அப்பா கையிலிருந்து வாங்கி ஏதோ எழுதுகிறார், ஏழு வருஷத்தில் முதல் முறை, என்ன என்று எனக்குக் காட்டவில்லை. பல் டாக்டரிடம் போ.

சத்தியத்தை ஆறு வருஷம் கூடுதலாகக் காப்பாற்றின
உன் அம்மா ஆல்மூத்

ஃபென்னா, சுவரை நான் இன்னும் பூசவில்லை. மாமா வேலைக்கு ஆள் வேண்டாம், சுவர் பூசத்தான் ஆள் வேண்டும். அப்பா.